திரைக்குப் பின்னால் இருக்கும் நினைவகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"என் லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் மெமரி 128 எம்பி என்று காட்டுகிறது, போதுமா?" "ஒரு இடத்தில் 32 பிட் கலர் என்கிறது, இன்னொரு இடத்தில் 8 பிட் என்கிறது, எதை நம்புவது?" இந்த இரண்டு கேள்விகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் 1981 வரை பின்னால் போக வேண்டியிருக்கிறது. பீசி உலகத்தை மட்டும், அதாவது டாஸ், விண்டோஸ், லினக்ஸ் மூன்றையும் வைத்து எழுதியிருக்கிறேன்.

திரையில் தெரிகிற படம் உண்மையில் எங்கே இருக்கிறது?

நினைவகத்தில், ஒரே நீளமான எண் வரிசையாக. இடது மேல் மூலைப் பிக்சலின் நிறம் முதலில், அதற்கு வலது பக்கத்துப் பிக்சல் அடுத்து, வரி முடிந்தால் அடுத்த வரி. இந்த இடத்துக்குப் பிரேம்பஃபர் என்று பெயர். 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். பிக்சலுக்கு 4 பைட் வைத்தால் 82,94,400 பைட், ஏறக்குறைய 8 எம்பி.

கிராஃபிக்ஸ் சிப்புக்குள் டிஸ்ப்ளே கன்ட்ரோலர் என்று ஒரு பகுதி உண்டு. அதற்கு வரையத் தெரியாது. பிரேம்பஃபரை முதலிலிருந்து கடைசி வரை படித்துக் கேபிளில் அனுப்புவதுதான் அதன் வேலை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நொடிக்கு 60 தடவை. நீங்கள் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாலும் நொடிக்குச் சுமார் 50 கோடி பைட் படிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். (பேட்டரியை மிச்சம் பிடிக்க, புதிய லேப்டாப் திரைகள் சில கடைசிப் படத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு கன்ட்ரோலரைத் தூங்க விடுகின்றன.)

அந்த 8 எம்பி எங்கே இருக்கும், அதில் யார் எழுதலாம், ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எப்போது மாறலாம் என்று முடிவு செய்வது இயங்குதளம்.

8 எம்பி போதும் என்றால் கார்டில் ஏன் 8 ஜிபி இருக்கிறது?

திரைக்குப் போகும் இறுதிப் படத்துக்குத்தான் 8 எம்பி. இன்றைய விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒவ்வொரு ஜன்னலும் தனக்கென்று ஒரு பஃபரில் வரைகிறது. கம்பாசிட்டர் என்ற நிரல் எல்லா ஜன்னல்களையும் அடுக்கிச் சேர்த்து இறுதிப் படத்தை உண்டாக்குகிறது. மறைந்திருக்கும் ஜன்னலின் படமும் அப்படியே இருக்கும். மேலே இருந்த ஜன்னலை நகர்த்தினால் கீழே உள்ளது உடனே தெரிவது அதனால்தான். பழைய விண்டோஸ் எக்ஸ்பியில், தொங்கிப்போன நிரல் ஒன்றின் மீது வேறு ஜன்னலை இழுத்தால் கோடு கோடாகத் தடம் விழுமே, அதற்குக் காரணம் அங்கே ஜன்னலுக்குத் தனிப் பஃபர் இல்லை. எல்லாரும் ஒரே பிரேம்பஃபரில் எழுதினார்கள். அழிந்த இடத்தைத் திரும்ப வரைய வேண்டிய நிரல் செத்துக் கிடந்தது.

இறுதிப் படத்துக்கும் ஒன்றுக்கு இரண்டோ மூன்றோ பஃபர் வேண்டும். காட்டிக்கொண்டிருக்கும் பஃபரிலேயே எழுதினால் மேல் பாதி பழைய படம், கீழ்ப் பாதி புதிய படம் என்று கிழிந்தாற்போலத் தெரியும். அதனால் பின்னால் இருக்கும் பஃபரில் வரைந்து முடித்து, ஒரு பிரேம் முடிந்து அடுத்தது தொடங்கும் சிறு இடைவெளியில் முகவரியை மட்டும் மாற்றுகிறார்கள். மீதி இடத்தையெல்லாம் விளையாட்டுகளில் பொருள்களின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களும் பிரௌசர் தாவல்களும் எடுத்துக்கொள்கின்றன.

"டெடிகேட்டட் 128 எம்பி, ஷேர்டு 4 ஜிபி" என்றால் என்ன? பயாஸில் கூட்டலாமா?

தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகச் சிப்பே கிடையாது. கணினி எழும்போது பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் தொடக்க நிரல்) ரேமின் ஒரு துண்டை எடுத்துக் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கிவிடுகிறது. அந்தத் துண்டு விண்டோஸின் கணக்கில் வராது. 8 ஜிபி ரேம் வாங்கியும் "7.8 ஜிபி பயன்படுத்தலாம்" என்று காட்டுவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஷேர்டு என்று காட்டுவது ஒதுக்கப்பட்ட இடம் இல்லை, உச்சவரம்பு. பொதுவாக ரேமில் பாதி. தேவைப்படும்போது விண்டோஸ் சாதாரண ரேம் பக்கங்களை எடுத்துக் கிராஃபிக்ஸ் சிப்பின் பக்க அட்டவணையில் (எந்தப் பக்கம் ரேமில் எங்கே என்ற பட்டியலில்) சேர்க்கிறது, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ரேமில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் 4 கேபி பக்கங்கள் கிராஃபிக்ஸ் சிப்பின் கண்ணுக்கு ஒரே தொடர்ச்சியான இடமாகத் தெரியும். 1990களின் கடைசியில் வந்த ஏஜிபி கார்டுகளிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

எனவே பயாஸில் 128ஐ 512 ஆக்கினால் வேகம் கூடாது. இரண்டும் அதே ரேம்தான், கூட்டிய அளவு மற்ற நிரல்களுக்குக் கிடைக்காமல் போகும், அவ்வளவே. தொடங்கும்போதே டெடிகேட்டட் எண்ணைப் பார்த்துவிட்டு ஓட மறுக்கும் சில விளையாட்டுகளுக்காக மட்டும் மாற்றலாம். வேகம் வேண்டுமென்றால், ஒரே ரேம் குச்சி இருக்கும் லேப்டாப்பில் இரண்டாவதைப் போடுங்கள். கிராஃபிக்ஸுக்கு அகலமான பாதை கிடைக்கும். அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

டாஸ் காலத்தில் இதையெல்லாம் யார் கவனித்துக்கொண்டார்கள்?

யாருமில்லை என்பதுதான் நேர்மையான பதில். ஐபிஎம் பீசியின் 1 எம்பி முகவரி வெளியில் நிரல்களுக்கு 640 கேபி, அதற்கு மேலே 128 கேபி திரைக்கு. எந்த நிரலும் அந்த இடத்தில் நேராக எழுதலாம். எழுதிய மறுகணம் திரையில் தெரியும். எழுத்துகளை மட்டும் காட்டும் டெக்ஸ்ட் மோடில் 80 நெடுவரிசை, 25 வரி, ஆக 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். மொத்தத் திரையும் 4,000 பைட்டில் அடங்கிவிடும்.

மோடை மாற்ற பயாஸில் ஒரு சேவை இருந்தது. 16ஆம் எண் இன்டரப்ட், அதாவது பயாஸைக் கூப்பிடும் அழைப்பு எண். ஆனால் பயாஸ் வழியாகப் பிக்சல் வரைவது ஆமை வேகம். அதனால் மோடை மாற்ற மட்டும் பயாஸைக் கூப்பிட்டுவிட்டு, வரைவதையெல்லாம் நிரல்களே நேரடியாகச் செய்தன. டாஸுக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. கிராஃபிக்ஸ் மோடில் இருந்தபடியே நிரல் நின்றுபோனால் திரை அப்படியே கிடக்கும், பழைய நிலைக்குத் திருப்ப ஆள் கிடையாது.

ஐபிஎம் பீசியின் முதல் நிறக் கார்டான சிஜிஏவில் இன்னொரு வேடிக்கை. கார்டு படித்துக்கொண்டிருக்கும் அதே நொடியில் நிரலும் அதில் எழுதினால் திரையில் பனித்துளி போலப் புள்ளிகள் பறக்கும். நினைவகத்துக்கு ஒரே வாசல், அதில் இருவர் மோதியதன் விளைவு. நல்ல நிரலாளர்கள், திரையில் வரி வரியாகப் படம் வரையும் கதிர் திரும்பும் இடைவெளிக்குக் காத்திருந்து எழுதினார்கள்.

4 நிறம், 16 நிறம், 256 நிறம். இந்த எண்களை யார் முடிவு செய்தது?

விலை. அந்தக் காலத்து ரேம் விலைக்கு எவ்வளவு கட்டுப்படியாகிறதோ அவ்வளவு நிறம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு மோடும் கார்டின் ரேமுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தது தெரியும்.

1981ல் வந்த சிஜிஏவில் 16 கேபி, அதாவது 16,384 பைட். 320×200ல் பிக்சலுக்கு 2 பிட் வைத்தால் 16,000 பைட், 4 நிறம். 640×200ல் 1 பிட் வைத்தால் அதே 16,000 பைட், 2 நிறம். நடுவில் ஒன்றுமில்லை. 1984ல் அடுத்து வந்த இஜிஏ கார்டில் 640×350 அளவில் 16 நிறத்துக்கு 1,12,000 பைட் வேண்டும், ஆனால் அடிப்படைக் கார்டில் இருந்ததோ 64 கேபி. விளம்பரத்தில் சொன்ன 16 நிறத்தை அந்த அளவில் பார்க்க மேலும் ரேம் வாங்கிப் போட வேண்டும்.

1987ல் ஐபிஎம் பிஎஸ்/2 கணினிகளுடன் விஜிஏ வந்தது. 256 கேபி. 640×480ல் 16 நிறத்துக்கு 1,53,600 பைட், தாராளமாக இடம் இருக்கிறது. அதே அளவில் 256 நிறத்துக்கு 3,07,200 பைட், இடம் போதாது. எனவே 256 நிறம் வேண்டுமென்றால் 320×200க்கு இறங்க வேண்டும். அங்கே 64,000 பைட். அன்றைய பிராசஸரால் ஒரே மூச்சில் தொட முடிந்த 64 கேபி துண்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. டாஸ் விளையாட்டுகள் எல்லாம் இந்த மோடையே பிடித்துக்கொண்டதற்கு இந்தப் பொருத்தம் ஒரு பெரிய காரணம். பிக்சலின் இடம் வேண்டுமா? வரி எண்ணை 320ஆல் பெருக்கி நெடுவரிசையைக் கூட்டு, முடிந்தது. 16 நிற மோடில் ஒவ்வொரு பிக்சலும் நான்கு தளங்களில் பிட் பிட்டாகப் பிரிந்து கிடக்கும். அதில் எழுதியவர்களின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

பேலட் என்றால் என்ன? ஜன்னலை மாற்றினால் பழைய விண்டோஸில் நிறங்கள் ஏன் கெட்டுப்போயின?

256 நிற மோடில் பிரேம்பஃபரில் இருப்பது நிறம் இல்லை, 0 முதல் 255 வரை ஒரு எண். அந்த எண்ணுக்கு என்ன நிறம் என்பது கார்டில் தனியாக ஒரு அட்டவணையில் இருக்கும். அதுதான் பேலட். விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 6 பிட். ஆக 2,62,144 நிறங்களில் ஏதாவது 256ஐ ஒரு நேரத்தில் தேர்ந்தெடுக்கலாம். படத்தைத் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றினால் முழுத் திரையும் நொடியில் மாறும். விளையாட்டுகளில் நீர் ஓடுவதும் தீ எரிவதும் திரை மெல்ல இருளுவதும் பெரும்பாலும் இந்த வித்தைதான்.

ஒரே நிரல் ஓடிய டாஸில் இது பிரமாதம். பல ஜன்னல்கள் இருக்கும் விண்டோஸில் தலைவலி. அட்டவணை ஒன்றுதான், கேட்பவர்கள் பலர். விண்டோஸ் 20 நிறங்களைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, மீதி 236ஐ முன்னால் இருக்கும் ஜன்னலுக்குக் கொடுத்தது. பின்னால் இருக்கும் படங்கள் கிடைத்ததை வைத்துச் சமாளிக்க வேண்டும். ஜன்னலை மாற்றியதும் பின்னால் இருந்த முகங்கள் பச்சையும் ஊதாவுமாக மாறியது இதனால்தான். யூனிக்ஸின் ஜன்னல் அமைப்பான எக்ஸ் விண்டோவிலும் இதே கதை, அங்கே மவுஸ் நகரும்போதே முழுத் திரையும் நிறம் மாறும். பிரௌசர்களுக்கென்று அன்று சொல்லப்பட்ட 216 "பாதுகாப்பான" நிறங்கள், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 6 படிகள் வைத்து 6×6×6 என்று கணக்கிட்டதும் இந்தச் சண்டையைத் தவிர்க்கத்தான்.

65,536 நிறத்தில் பச்சைக்கு மட்டும் ஏன் ஒரு பிட் கூடுதல்?

16 பிட்டை மூன்றாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். கண் பச்சையின் நுண்ணிய மாற்றத்தைத்தான் அதிகம் கவனிக்கும். மிஞ்சியதை அதற்குக் கொடுத்தார்கள்: 5, 6, 5. சில கார்டுகள் அந்தப் பிட்டை வீணாக விட்டு 32,768 நிறம் காட்டின.

24 பிட், 32 பிட், 8 பிட், 10 பிட். என் திரையில் உண்மையில் எத்தனை?

குழப்பம் வருவது நியாயம். எண்ணும் முறை இடத்துக்கு இடம் வேறு. 32 பிட் கலர் என்பது ஒரு பிக்சலுக்கான மொத்தக் கணக்கு. 8 பிட் என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்குமான கணக்கு. மூன்று எட்டு 24, அதில் 1.67 கோடி நிறம். நான்காவது பைட் திரைக்குப் போகும்போது பெரும்பாலும் வெறும் காலியிடம், நிறம் எதுவும் அதில் இல்லை. 3 பைட்டாக அடுக்கினால் பிராசஸருக்கு ஒவ்வொரு பிக்சலும் கோணலான முகவரியில் விழும், 4 என்றால் கணக்கு நேராக இருக்கும். ஜன்னல்களை அடுக்கும்போது அந்தப் பைட்டில் ஒளிபுகும் அளவை வைத்துக்கொள்கிறார்கள். ஆக விண்டோஸ் ஓரிடத்தில் 32 என்பதும் இன்னோர் இடத்தில் 8 என்பதும் ஒரே சங்கதி.

10 பிட் மோடும் பெரும்பாலும் அதே 4 பைட்டில் அடங்குகிறது: மூன்று பத்து, மீதி 2. ஒளியின் வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆரை இயக்கினால் மட்டும் விண்டோஸ் உள்ளே பிக்சலுக்கு 8 பைட் வைத்துக் கணக்குப் போடுகிறது.

மலிவான லேப்டாப் திரைகளில் பேனலே 6 பிட்தான். அதாவது விஜிஏவின் அதே 2,62,144 நிறம். இடைப்பட்ட நிறத்தைக் காட்ட அக்கம்பக்கத்து இரண்டு நிறங்களை மாற்றி மாற்றி வேகமாகக் காட்டி ஒப்பேற்றுகிறார்கள். வானத்தின் படத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் கார்டைச் சந்தேகிக்கும் முன் பேனலின் விவரத்தைத் தேடிப் பாருங்கள்.

விண்டோஸ் 10ல் 256 நிறத்துக்கு மாற்ற இடமே இல்லையே?

விண்டோஸ் 8லிருந்து டெஸ்க்டாப் எப்போதும் 32 பிட்தான். 256 நிறம் கேட்டு அடம்பிடிக்கும் பழைய நிரலுக்கு, அதன் பிராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய்க் குறைந்த கலர் மோடைத் தேர்ந்தெடுக்கலாம். கார்டு மாறாது. அந்த நிரலுக்கு மட்டும் விண்டோஸ் 256 நிறம் இருப்பதுபோல் காட்டிச் சமாளிக்கும்.

படம் சாய்ந்து, கோணலாக இழுத்துவிட்டாற்போலத் தெரிகிறது. ஏன்?

ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்க எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்பதில் யாரோ கணக்கைத் தவறவிட்டிருக்கிறார்கள். 1366×768 திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு 5,464 பைட். பல கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு வரியின் நீளம் 64ன் மடங்காக இருக்க வேண்டும், எனவே டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) 5,504 பைட் ஒதுக்கும். கடைசி 40 பைட் வெறும் இட்டு நிரப்பல். அகலத்தையும் வரி நீளத்தையும் ஒன்றென்று நினைத்து எழுதப்பட்ட நிரல், வரிக்கு 10 பிக்சல் வீதம் பிந்திக்கொண்டே போகும். படம் சாயும். 1024, 1280 அளவுகளில் இந்தப் பிழை தெரியவே தெரியாது, அவை தாமாகவே 64ல் வகுபடும். 1366 திரைகள் பரவலானபோது எத்தனை நிரல்களின் குட்டு உடைந்தது!

லினக்ஸில் முன்பெல்லாம் திரை ஏன் அடிக்கடி கறுத்து மினுக்கியது? இப்போது ஏன் இல்லை?

என் கணிப்பில் இந்தத் துறையிலேயே சுவாரசியமான பகுதி இது. பல ஆண்டுகள் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) திரையைத் தன் வேலையாகவே நினைக்கவில்லை. டெக்ஸ்ட் கன்சோலை மட்டும் பார்த்துக்கொண்டது. கிராஃபிக்ஸுக்கு எக்ஸ் சர்வர் என்ற சாதாரண நிரல் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடி, கார்டின் ரிஜிஸ்டர்களை (கட்டுப்பாட்டு எண்கள் இருக்கும் இடங்களை) நேராகத் தொட்டு மோடை மாற்றியது. டாஸ் காலத்து வழக்கம், யூனிக்ஸ் சட்டை போட்டுக்கொண்டு!

விளைவுகளைப் பயன்படுத்தியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கன்சோலுக்கு மாறினால் திரை கறுத்து, மானிட்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு வரும். லேப்டாப்பைத் தூங்க வைத்து எழுப்பினால் சில சமயம் வரவே வராது, ஏனென்றால் கார்டு எந்த மோடில் இருந்தது என்பது கெர்னலுக்குத் தெரியாது. எக்ஸ் தொங்கினால் கன்சோலும் போச்சு. பூட் வரியில் விஜிஏ=791 என்று கொடுத்தால் 1024×768, 16 பிட் கன்சோல் வரும், ஆனால் அதைப் பூட் நேரத்தில்தான் தேர்ந்தெடுக்க முடியும். பயாஸின் உதவியோடு ஒருமுறை வைத்த மோடு கடைசி வரைக்கும்.

மாற்றம் படிப்படியாக வந்தது. 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கெர்னலில் ஜெம் என்ற நினைவக மேலாளர் இன்டெல் சிப்புகளுக்காகச் சேர்ந்தது. நிரல்கள் முகவரி கேட்பதை விட்டுவிட்டு "இவ்வளவு பெரிய பஃபர் ஒன்று கொடு" என்று கேட்டு, அதற்கொரு அடையாள எண்ணை வாங்கிக்கொள்ளும். அந்தப் பஃபர் எங்கே இருக்கிறது, எப்போது இடம் மாறுகிறது என்பதெல்லாம் கெர்னலின் பாடு. 2009 மார்ச்சில் வந்த 2.6.29ல் மோடை மாற்றும் வேலையையும் கெர்னல் எடுத்துக்கொண்டது. தனி ரேம் உள்ள கார்டுகளுக்கு டிடிஎம் என்ற இன்னொரு மேலாளர் 2.6.31ல் வந்தது. கார்டின் ரேம் நிறைந்தால் எதை வெளியேற்றிச் சாதாரண ரேமில் வைப்பது என்று பார்ப்பது அதன் வேலை. 2015ல் 4.2 கெர்னலோடு அணு மோடு மாற்றமும் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தது. இரண்டு மானிட்டர், ஓவர்லே (மேலே வைக்கும் தனிப் படம்), கர்சர் எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையாகக் கொடுக்கலாம், முடிந்தால் எல்லாம் மாறும், முடியாவிட்டால் ஒன்றும் மாறாது.

எக்ஸ் சர்வருக்கு ரூட் அதிகாரம் தேவையில்லாமல் போனதும் எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்ட் சாத்தியமானதும் இந்த அடித்தளத்தில்தான். இதைப் பத்து ஆண்டு முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்பேன். ஆனால் கார்டு நிறுவனங்கள் விவரங்களைத் தராமல் இருந்த காலத்தில் கெர்னல்காரர்கள் என்ன செய்திருக்க முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

விண்டோஸில் இது எப்போது நடந்தது?

தலைகீழாக. 1996ல் என்டி 4.0 வேகத்துக்காக ஜன்னல், கிராஃபிக்ஸ் வேலைகளைக் கெர்னலுக்குள் கொண்டுபோனது. வேகம் வந்தது, கூடவே கிராஃபிக்ஸ் டிரைவர் தடுக்கினால் நீலத் திரையும் வந்தது. விஸ்டாவில் வந்த புதிய டிரைவர் அமைப்பு பாதியைத் திரும்ப வெளியே எடுத்தது. டிரைவரின் பெரிய, சிக்கலான பகுதி சாதாரண நிரல்போல ஓடும். நினைவகக் கணக்கும், சிப்பை யார் எப்போது பயன்படுத்துவது என்று முறை வைப்பதும் மட்டும் கெர்னலில். விண்டோஸ் 10லிருந்து ஒவ்வொரு நிரலுக்கும் கிராஃபிக்ஸ் சிப்பில் தனி முகவரி வெளியும் கிடைத்தது.

விஸ்டா அமைப்பின் பலனை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வரும், "டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டது" என்று செய்தி வரும். சிப் 2 நொடிக்குப் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது. எக்ஸ்பியில் அதே கோளாறு கணினியையே நிறுத்தியிருக்கும். திரை சிக்கிக்கொண்டதாகத் தோன்றினால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை போகாது.

டிரைவரே இல்லாதபோதும் ஏதோ ஒரு படம் வருகிறதே, எப்படி?

யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வாரிசு) கணினியில் ஃபர்ம்வேரே, அதாவது அந்தத் தொடக்க நிரலே, திரையை ஏதோ ஒரு அளவில் இயக்கிவிட்டு, "பிரேம்பஃபர் இந்த முகவரியில், அகலம் இது, வரி நீளம் இது" என்று இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. உண்மையான டிரைவர் வரும்வரை விண்டோஸும் லினக்ஸும் அதில் எழுதிக் காலத்தை ஓட்டும். அளவை மாற்ற முடியாது, இரண்டாவது மானிட்டர் வராது, எல்லா வேலையும் பிராசஸர் தலையில். லினக்ஸ் பூட் வரியில் நோமோட்செட் (nomodeset) கொடுத்தாலும் இந்த நிலைதான். நிறுவும்போது கறுப்புத் திரை வந்தால் ஒருமுறை கொடுத்துத் தப்பிக்கலாம். அதை நிரந்தரமாக வைத்துவிட்டு "லினக்ஸ் மெதுவாக இருக்கிறது" என்று வருத்தப்படக் கூடாது.

நைட் லைட் போட்டால் திரை மஞ்சளாகிறது, ஸ்கிரீன்ஷாட்டில் மட்டும் ஏன் மஞ்சள் இல்லை?

மேலே சொன்ன பேலட் அட்டவணை சாகவில்லை. இன்றும் கன்ட்ரோலருக்குள், கேபிளுக்குப் போகும் வழியில், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கிறது. நைட் லைட் அங்கே நீலத்தைக் குறைக்கிறது. ஸ்கிரீன்ஷாட் பிரேம்பஃபரிலிருந்து எடுக்கப்படுகிறது, மஞ்சள் அதற்குப் பிறகுதான் சேர்கிறது.

மவுஸ் அம்பும் பெரும்பாலும் அப்படித்தான். அது தனியாக ஒரு சிறு பஃபரில் இருக்கும், பழைய சிப்புகளில் 64×64 பிக்சல். கன்ட்ரோலர் அனுப்பும் வழியில் அதை மேலே வைக்கிறது. கணினி தொங்கிக் கிடக்கும்போதும் அம்பு மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடுவதன் ரகசியம் இது. எக்ஸ்பியில் வீடியோவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெயின்டில் ஒட்டினால் அங்கேயும் வீடியோ ஓடும்! பிரேம்பஃபரில் இருந்தது குறிப்பிட்ட ஒரு நிறம் பூசிய கட்டம் மட்டுமே, அந்த நிறம் தெரியும் இடத்திலெல்லாம் கார்டு வீடியோவைப் போட்டது.

டிவியை மானிட்டராக இணைத்தால் கறுப்பு சாம்பலாகவும் எழுத்து கலங்கலாகவும் இருக்கிறது. ரேம் போதவில்லையா?

இல்லை. இந்தக் காலத்தில் தட்டுப்பாடு ரேமில் இல்லை, கேபிளில். 4கே திரைக்குப் பிரேம்பஃபர் வெறும் 33 எம்பி. ஆனால் 60 ஹெர்ட்ஸில் அதை முழு நிறத்தோடு அனுப்ப எச்டிஎம்ஐ 2.0ன் நொடிக்கு 18 ஜிகாபிட் ஏறக்குறைய முழுதும் தீர்ந்துவிடுகிறது. 8 பிட்டுக்கே இப்படி, 10 பிட்டுக்கு இடமில்லை. அதனால் டிரைவர் நிறத் தகவலைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்து அனுப்பும். சினிமாவில் தெரியாது, சிவப்பு எழுத்தில் ஓரம் கலங்கும். டிரைவர் அமைப்பில் நிறத் தகவலைக் குறைக்காத 4:4:4 அல்லது ஆர்ஜிபி தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால் 30 ஹெர்ட்ஸ், அல்லது வேறு போர்ட்.

சாம்பல் கறுப்பு வேறு கோளாறு. டிவி வழக்கத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி வழக்கத்தில் 0, 255. ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இன்னொன்றும் இருந்தால் வெளுத்துத் தெரியும். இரண்டிலும் ஃபுல் ரேஞ்ச் வையுங்கள்.

லினக்ஸ் டெக்ஸ்ட் கன்சோலில் தமிழ் ஏன் கட்டம் கட்டமாக வருகிறது?

அந்தக் கன்சோல் இன்னும் விஜிஏ டெக்ஸ்ட் மோடின் வாரிசு. எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள், எல்லாம் ஒரே அகலம், ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம். "கொ" எழுத மெய்க்கு இருபுறமும் கொம்பும் காலும் வர வேண்டும். அப்படிப் பிரித்து அடுக்கும் வேலை கெர்னலில் கிடையாது. டாஸ் காலத்தில் இதே சுவரைத் தாண்ட சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்ற தனிக் கார்டையே கொண்டுவந்தது. இன்று வன்பொருள் தேவையில்லை. வரைகலை டெர்மினல் ஒன்றைத் திறந்துகொண்டால் போதும், அங்கும் டெர்மினலுக்கு டெர்மினல் தரம் வேறுபடும். ஒன்றில் சரியாக வரவில்லை என்றால் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள்.